ஆளுக்கு ஒரு பெட்டி

காரைக்குடிப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ‘போர்டு இல்லாத ஜெராக்ஸ் கடை’ எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் முதல் கோர்ட் குமாஸ்தா வரை எல்லோரும் கை காட்டுவார்கள். கடையின் பெயர் அதுவல்ல. கடைக்குப் பெயரே கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்பு கடையைத் திறந்த முருகப்பன், நீலப் பலகையில் வெள்ளை எழுத்தா, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் மாதிரி எழுதி வாங்கி வைத்திருக்கிறார். மழை நாளில் எது பளிச்சென்று தெரியும் என்று பார்க்க மழைக்குக் காத்திருந்தார். மழை வந்தது, போனது. அன்றைக்குக் கடையில் கூட்டம்.

முருகப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. ஐந்தடிக்கு மேல் இரண்டு விரற்கடை உயரம். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். ஆனால் அவரோடு ஒரு பொருள் வாங்கக் கடைக்குப் போனவர்கள் மறுமுறை போனதில்லை. வீட்டுக்கு மிக்ஸி வாங்கப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டார். அதுவரை அவர் மனைவி விசாலி அம்மியில் அரைத்தாள். மகள் நித்யஸ்ரீக்கு வந்த மூன்று ஜாதகங்களை அவர் பத்தி பிரித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோதே, விசாலி ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்துப் பத்திரிகையும் அடிக்கக் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை தங்கமான பையன். அப்படியும் மற்ற இரண்டு பேரையும் சரியாகப் பார்க்கவில்லையே என்று முருகப்பனுக்கு உள்ளூர ஒரு குறை உண்டு.

அவர் குடியிருப்பது அப்பாவைப் பெற்ற ஐயா கட்டிய வீட்டின் இடது பாதி. வலது பாதி பெரியப்பா மகன் முத்தப்பனுடையது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். பங்காளிகள் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, வீட்டில் இருந்த அத்தனையையும் இரண்டாகப் பிரித்தார்கள். குத்துவிளக்கு ஜோடி, ஆளுக்கு ஒன்று. யானைத்தந்தம் பதித்த நாற்காலி இரண்டு, ஆளுக்கு ஒன்று. இரண்டு பாகமாக இருந்த பெரிய ஆங்கில அகராதியைக்கூட விடவில்லை. முதல் பாகம் முத்தப்பனுக்கு, இரண்டாம் பாகம் முருகப்பனுக்கு. இன்றைக்கும் முருகப்பனுக்கு எம் எழுத்து வரை எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் திருச்சியில் இருக்கும் அண்ணன் முத்தப்பனுக்குப் போன் போட வேண்டும். கடைசியில் கூடத்தின் நடுவே, ஆத்தங்குடிக் கல் தரையின் மேல், ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு போட்டார்கள். அன்றிலிருந்து விசாலியின் விளக்குமாறு அந்தக் கோடு வரை போகும். அதற்கு மேல் ஒரு தூசியைக்கூடத் தள்ளாது.

அந்தப் பிரிவினையில் பிரிந்தவைதான் இந்தக் கதையின் இரண்டு பெட்டிகள்.

மலாயாவில் தோட்டத்துத் துரைமார்களின் கிளப் ஒன்று மூடப்பட்டபோது ஐயா ஏலத்தில் எடுத்துக் கப்பலில் கொண்டுவந்த ஸ்பீக்கர் பெட்டிகள் அவை. ஒவ்வொன்றும் ஆள் இடுப்புயரம். தேக்கு. உள்ளே கீழே ஒரு பெரிய காகிதக் கூம்பு, மேலே வாயைத் திறந்த ஊமத்தம்பூ மாதிரி ஓர் இரும்புக் குழல். ஜோடியாகப் பாடுவதற்கென்றே செய்த பெட்டிகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரிப்பதில் கூடியிருந்த பங்காளிகளுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. இரண்டு இருக்கிறது, இரண்டு பேர் இருக்கிறார்கள், கணக்குச் சரி.

முருகப்பனுக்கு மட்டும் தெரிந்தது. “யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்கா?” என்று பெரியவர் ஒருவர் கேட்டபோது, இது இரண்டும் ஒன்றாக இருக்கட்டுமே என்று சொல்லலாம் என நினைத்தார். சொன்னால், யாரிடம் இருப்பது என்று கேட்பார்களே. தன்னிடம் என்றால் பேராசை, அண்ணனிடம் என்றால் விசாலி என்ன சொல்வாள். இப்படியும் அப்படியும் யோசித்து அவர் வாயைத் திறந்தபோது, கூட்டம் உருளிக்கும் அண்டாவுக்கும் போயிருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை அவர் பன்னிரண்டு வருஷமாக மறக்கவில்லை.

முருகப்பனின் பெட்டி பத்து வருஷம் தண்ணீர் கேன் வைக்கும் மேடையாக இருந்தது. அண்ணனுடைய பெட்டி பூட்டிய பாதியில் பழைய வேட்டி போர்த்திக் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்க்க ஹோட்டல்காரர்கள் கூட்டிவந்த பெல்ஜியத்துக்காரர் ஒருவர், தண்ணீர் கேனுக்கு முன்னால் திடீரென்று மண்டியிட்டார். மனிதர் கேனைக் கும்பிடுகிறார் என்று நினைத்த விசாலி பதறிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவர் கும்பிட்டது கேனை அல்ல.

கூட வந்த கைடு சொன்னதை வைத்து முருகப்பன் புரிந்துகொண்டது இது. இக்காலத்து ஸ்பீக்கர்கள் ஐம்பது வாட், நூறு வாட் தின்றால்தான் வாயைத் திறக்கும். இந்தப் பழைய பெட்டிக்கு ஒரு வாட் கொடுத்தால் தெருக்கோடி வரை கேட்கும். அதனால் இதற்குப் பலசாலி ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். சின்னதாக, சத்தமில்லாமல், சுத்தமாக இருந்தால் போதும். விலையும் அதிகம் ஆகாது.

“அதெல்லாம் சரி, இதோட ஜோடி எங்கேன்னு கேக்குறாரு செட்டியாரே” என்றார் கைடு.

முருகப்பன் சிவப்புக் கோட்டுக்கு அங்குட்டு இருந்த பூட்டைக் காட்டினார்.

அன்றைக்கே கடையிலிருந்து ஒரு நீள நோட்டு எடுத்தார். ஆம்ப்ளிஃபையர் தேட ஆரம்பித்துவிட்டார். கடையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடும், இவர் போனில் படித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரு வரிசை. எத்தனை வாட், எத்தனை ஓம், இரைச்சல் உண்டா, கேரண்டி எத்தனை வருஷம், நல்லதென்று சொன்னவர் யார், மோசம் என்று சொன்னவர் யார். கடைசிப் பத்தி ‘முடிவு’. இரண்டு வருஷத்தில் நாற்பத்து மூன்று வரிசை சேர்ந்துவிட்டது. முடிவுப் பத்தியில் சிவப்பு மையில் அடித்தவை உண்டு, பென்சிலில் கேள்விக்குறி போட்டவை உண்டு. வாங்கலாம் என்று ஒன்றும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் முத்தப்பன் வந்து சேர்ந்தார். இளையாத்தங்குடிக் கோயில் திருப்பணி விஷயமாகப் பத்து நாள் கூட்டம். திருச்சியில் உரக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்து நான்கு வயது, நல்ல உயரம். தம்பிக்கு நேர் எதிர். எதையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிவு செய்துவிடுவார். திருச்சியில் பிளாட் பார்க்கப் போனவர் லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் முன்பணம் கொடுத்துவிட்டார். மேலே போன பிறகுதான் அந்த பிளாட்டில் சமையலறைக்கு ஜன்னல் இல்லை என்று தெரிந்தது.

வந்த வியாழக்கிழமை காலை, கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்.

“முருகா, என் பெட்டியக் குடுத்துறலாம்னு இருக்கேன். பழைய சாமான் வியாபாரி ஒருத்தரு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருக்காரு. அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வண்டியோட வரச் சொல்லிட்டேன்.”

முருகப்பன் சிவப்புக் கோடு வரை வந்துவிட்டார். “ஒத்தையாவாண்ணே குடுக்கப்போறீக?”

“எனக்கு ஒத்தையாத்தானே வந்துச்சு?”

“ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர் மட்டும் அமைஞ்சா ரெண்டையும் சேத்து வச்சுக் கேட்டுப்புடலாம்ணே. அதுக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“இதையேதானடா போன வருஷமும் சொன்ன?”

“போன வருஷம் முப்பத்தொண்ணு பாத்திருந்தேன். இப்ப நாப்பத்து மூணு.”

முத்தப்பன் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. நல்லவேளை, கோட்டுக்கு அவர் பக்கமே சிந்தியது. “சரி, கேட்டுக்க. பத்து நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குள்ள நீ ஒரு ஆம்ப்ளிஃபையர வாங்கி ரெண்டையும் ஒண்ணாப் பாட வச்சுட்டீன்னா நான் விக்கல. இல்லையின்னா வண்டி ஏறிரும். அப்புறம் வந்து மூஞ்சியத் தூக்கக் கூடாது.”

அன்று முருகப்பன் கடையில் ஆதார் கார்டு ஒன்றை முன்பக்கம் மட்டும் பதினான்கு பிரதி எடுத்தார்.

சனிக்கிழமை மதுரைக்கு பஸ் ஏறினார். டவுன்ஹால் ரோட்டில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் ஒரே கேள்வி, “பெட்டி என்ன சைஸ் சார்?” அவர் இடுப்பு வரை கையைக் காட்டுவார். கடைக்காரர் முகம் மலர்ந்துவிடும். “அப்ப குறைஞ்சது ஐநூறு வாட்ஸ் போட்டாத்தான் சார் தாங்கும்.” அஞ்சு வாட் போதும் என்று முருகப்பன் மெல்லச் சொன்னால் கடைக்காரர் அவரை இரக்கத்தோடு பார்ப்பார். ஒருவர், “குழந்தைக்கு விளையாட்டுச் சாமானா சார்?” என்று கேட்டார். முருகப்பன் நான்கு விளம்பரத் தாள்களோடும் தலைவலியோடும் திரும்பி வந்து சேர்ந்தார்.

பெரிய பெட்டிக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் என்கிற பேச்சு அவரையும் அசைத்துவிட்டது. நான்கு கடைக்காரர்களும் ஒன்றைச் சொல்கிறார்கள், பெல்ஜியத்துக்காரர் ஒருவர்தான் வேறு சொல்கிறார். அதுவும் கைடு மூலமாக. கைடு தப்பாக மொழிபெயர்த்திருந்தால்? ஞாயிற்றுக்கிழமை கோவிலூர் சேவுகப்பெருமாளுக்குப் போன் செய்தார். சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் செட் அவருடையதுதான்.

சேவுகப்பெருமாள் ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபையரைக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்தார். தூக்க இரண்டு ஆள். முருகப்பனின் பெட்டியில் கம்பியை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் உள்ளேயிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. பாட்டு இன்னும் போடவில்லை. கூடத்துக்குள் யாரோ லாரியை நிறுத்தி இன்ஜினை அணைக்காமல் போய்விட்ட மாதிரி இருந்தது.

“என்னப்பா சத்தம் இது?”

“ஆம்ப்ளிஃபையரோட இரைச்சல்ணே. எப்பவும் இருக்கிறதுதான். என் பெட்டியில இது கேக்காது. உங்க பெட்டி ஊசி விழுந்தாலும் சொல்லிப்புடும் போலருக்கே.” சேவுகப்பெருமாள் யோசனையோடு பெட்டியைப் பார்த்தார். “சத்தத்தக் கொஞ்சமாக் கூட்டுறேன்.”

அவர் குமிழைத் தொட்டார். திருகக்கூட இல்லை, தொட்டார். அடுத்து நடந்ததை முருகப்பனால் வரிசையாகச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது. பெட்டி ஒரு நாகசுரத்தை ஊதித் தள்ளியது. மாடத்துப் புறாக்கள் அத்தனையும் கிளம்பின. விசாலி அடுப்படியில் கையிலிருந்த கரண்டியைப் போட்டாள். அடுத்த வீட்டுக்காரி அழகி, எங்கோ கல்யாண ஊர்வலம் வருகிறது என்று தலையில் பூவை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முத்தப்பன் பேப்பரோடு எழுந்து நின்றார்.

“முருகா, நல்லாப் பாட வைன்னுதான் சொன்னேன். வீட்ட இடிக்கச் சொல்லல.”

சேவுகப்பெருமாள் கம்பியைப் பிடுங்கினார். அவருக்கும் வேர்த்திருந்தது. “அண்ணே, தப்பா நினைக்காதீக. ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கிற அண்டாவுல ஒரு டம்ளர் காப்பி போடச் சொல்றீக. இதுக்கு நம்ம மிஷின் ஆகாது. உங்களுக்கு வேண்டியது ரொம்பச் சின்னது.”

ஆக, பெல்ஜியத்துக்காரர் சொன்னது சரி. கைடும் சரி. முருகப்பனுக்குப் பாதி நிம்மதி வந்தது. ஆனால் சின்னதில் எது என்கிற கேள்வி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை கோபிநாத் போனில் பிடித்துக்கொண்டார். தேவகோட்டைக்காரர், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர், பழைய ரேடியோப் பிரியர்களின் வாட்ஸப் குழுவில் பழக்கம். வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையரைத் தவிர வேறு எதையும் இந்தப் பெட்டிகளோடு சேர்ப்பது பாவம் என்றார் அவர். கண்ணாடிக் குழாய், மெல்லிய ஆரஞ்சு வெளிச்சம், ஐந்தே வாட், தேன் மாதிரிக் குரல். முருகப்பன் கிறங்கிப்போனார். விலையைக் கேட்டார். ஒரு புது ஸ்கூட்டரின் விலை.

விசாலியிடம் படத்தைக் காட்டினார். “ரொம்பச் சூடாகுமாம். ஆனா குரலு…”

“சூடாகுமா?” என்றாள் விசாலி. “தோசை ஊத்தலாமா?”

முருகப்பன் நோட்டை எடுத்து நாற்பத்து நான்காவது வரிசையாக அதை எழுதி, எதிரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் குளிக்கப் போனபோது விசாலி அந்த நோட்டைப் பிரித்தாள். இரண்டு வருஷமாக அதைத் தூசி தட்டி வைக்கிறாள், ஒருநாளும் படித்ததில்லை. ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் போனாள். அடுப்பில் குக்கர் ஏறியிருந்தது. முருகப்பன் ஈரத் தலையோடு வந்தபோது அவள் விரல் பதினேழாவது வரிசையில் நின்றிருந்தது.

“இங்க பாருங்க. இருபது வாட்ஸ், இரைச்சல் இல்ல, பதினாறு ஓம் பெட்டிக்குத் தோதுன்னு எழுதியிருக்கீக. நல்லதுன்னு சொன்னவங்க ஒன்பது பேரு. மோசம்னு சொன்னவங்க ஒருத்தருமில்ல. வெல ரெண்டாயிரத்து நூறு. அப்புறம் ஏன் செவப்பு மையில அடிச்சிருக்கீக?”

“காரணம் எழுதியிருப்பேன், பாரு.”

விசாலி வாசித்தாள். “‘டிபன் டப்பா அளவே உள்ளது. பெட்டிகளுக்கு மரியாதையாக இராது.’”

முருகப்பன் தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். “அதெப்படி விசாலி, இம்புட்டுப் பெரிய பெட்டிக்குப் பக்கத்துல அம்புட்டூண்டு சாமானப் போயி…”

“உங்களப் பொண்ணு பாக்கக் கூட்டியாந்தப்ப எங்க அப்பச்சியும் இதையேதான் சொன்னாக” என்றாள் விசாலி. ஐந்தடி ஐந்து அங்குலம் உயரமுள்ளவள் அவள். “நாந்தான் போதும்னேன்.”

அவள் போனை எடுத்து அந்தச் சாமானைத் தேடித் திறந்து அவர் கையில் கொடுத்தாள். திரையில் ‘வாங்கு’ என்று மஞ்சள் பொத்தான் இருந்தது.

“நா அமுக்க மாட்டேன். நீங்கதான் அமுக்கணும். ஒரு விசிலு வந்துருச்சு. மூணாவது விசிலுக்குள்ள அமுக்குங்க. இல்லையின்னா நோட்ட அடுப்புல வச்சிருவேன்.”

முருகப்பன் கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேல் கொண்டுபோனார். பதினெட்டாவது வரிசையில் இருந்ததற்குக் கேரண்டி ஒரு வருஷம் அதிகம் என்பது நினைவுக்கு வந்தது. இரண்டாவது விசில் அடித்தது. கறுப்பு நிறமா வெள்ளி நிறமா என்று வேறு கேட்டிருந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு, குளித்த தண்ணீரோ வேர்வையோ, திரையில் விழுந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தது அவர் கண்முன் வந்தது. மூன்றாவது விசில் கிளம்பியபோது அமுக்கிவிட்டார்.

அமுக்கிய பிறகு கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று மாலை கடை திறக்கவில்லை.

சனிக்கிழமை சாமான் வந்தது. உண்மையிலேயே டிபன் டப்பா அளவுதான். மூடியைத் திறந்தால் எலுமிச்சை சாதம் இருக்குமோ என்று தோன்றும். அழகி வந்து பார்த்துவிட்டு, “சார்ஜரு வந்திருச்சு, ஆம்ப்ளிஃபையரு எப்ப வருது?” என்று கேட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே சேவுகப்பெருமாள் உதவிக்கு வந்தார். கூலி வேண்டாம், கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். முருகப்பனின் பெட்டியைக் கோட்டுக்கு இடது பக்கம் வைத்தார்கள். முத்தப்பனுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அவர் பெட்டி கோட்டைத் தாண்டி வரக் கூடாது. தாண்டவே வேண்டாம், இரண்டும் எட்டடி தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று முருகப்பன் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பாகப் பிரிவினைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. டேப் பிடித்து அளந்து, கோட்டிலிருந்து இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி வைத்தார்கள். கேட்பவர் உட்கார வேண்டிய இடம் இரண்டுக்கும் சரிபாதி, கோட்டின் மேலேயே. அங்கே ஒரு பெஞ்சைக் குறுக்காகப் போட்டார் சேவுகப்பெருமாள். முருகப்பன் இடது முனையில் உட்கார, முத்தப்பன் வலது முனையில் உட்கார்ந்தார். நடுவில் இரண்டு ஆள் உட்காரலாம்.

ஒன்பதே முக்காலுக்கு ஸ்விட்சைப் போட்டார்கள். இரைச்சல் இல்லை. போட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. முருகப்பன் போனில் ஒரு பழைய சினிமாப் பாட்டைத் தட்டினார், ஒரு பெண் தனியாகப் பாடுவது.

பாடியது. ஆனால் எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை. குரல் அந்தப் பக்கமும் இருந்தது, இந்தப் பக்கமும் இருந்தது, நடுவில் ஆளைக் காணோம். மிருதங்கம் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டது. காதுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. முருகப்பன் முகம் செத்துப்போனது. இரண்டு வருஷம், நாற்பத்து நான்கு வரிசை, கடைசியில் இதுவா?

“இதுக்கா இந்தப் பாடு?” என்றார் முத்தப்பன். குரலில் கேலி இல்லை. அவரும் எதையோ எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்.

சேவுகப்பெருமாள் காதைச் சாய்த்துக் கேட்டார். “பிளஸ்ஸு மைனஸ்ஸு மாறிக் கெடக்குண்ணே. ஒரு பெட்டி முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது. ஒண்ணுல மட்டும் கம்பிய மாத்திப் போட்டாச் சரியாப் போயிரும்.”

“அப்ப முருகன் பெட்டியில மாத்து” என்றார் முத்தப்பன்.

“ஏண்ணே, உங்க பெட்டியில மாறியிருக்கக் கூடாதா?”

“என் பெட்டிய நான் தொட்டதே இல்லையேடா. நீதான் தண்ணி கேன வச்சுக் கெடுத்த.”

“கேன் மேலதாண்ணே இருந்துச்சு. கம்பி பின்னால இருக்கு.”

“ரெண்டுல எத மாத்துனாலும் ஒண்ணுதாண்ணே” என்றார் சேவுகப்பெருமாள். “எதுவும் தப்பு இல்ல. ரெண்டும் ஒரே பக்கமாத் தள்ளணும், அம்புட்டுத்தான்.”

“தப்பு இல்லேல்ல? அப்ப என் பெட்டிய எதுக்குத் தொடணும்?” என்றார் முத்தப்பன்.

“அப்ப என் பெட்டிய மட்டும் எதுக்குத் தொடணும்?” என்றார் முருகப்பன். தம்பி அண்ணனை எதிர்த்துப் பேசி விசாலி அன்றுதான் பார்த்தாள். அடுப்படி நிலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. “செட்டியாரே!” என்று வியாபாரியின் குரல். மணி பத்து ஆக மூன்று நிமிஷம்.

முத்தப்பன் எழுந்தார். “அவ்வளவுதான் முருகா. பத்து நாளு குடுத்தேன்.”

முருகப்பன் எழுந்தார். அண்ணன் பெட்டியைப் பார்த்தார், தன் பெட்டியைப் பார்த்தார். எதைப் பார்க்கவும் நோட்டு கையில் இல்லை. நேரே தன் பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு கம்பிகளையும் உருவி இடம் மாற்றிச் சொருகினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிஷம்கூட இருக்காது. விசாலி கட்டிய கையை அவிழ்த்தாள்.

“உக்காருங்கண்ணே” என்றார் முருகப்பன். “ஒரே தடவ.”

பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. பெட்டிகள் இரண்டும் காணாமல் போயின. இடது பக்கம் யாரும் பாடவில்லை, வலது பக்கம் யாரும் பாடவில்லை. பன்னிரண்டு வருஷமாக இரண்டு வீட்டாரும் கால் வைக்காமல் தாண்டிப் போன சிவப்புக் கோட்டின் மேல், நேர் நடுவில், ஒரு பெண் நின்று பாடினாள். அவள் மூச்சு இழுப்பது கேட்டது. மிருதங்கக்காரரின் விரல் தோலில் படுவது கேட்டது. டிபன் டப்பா அவர்களுக்கு முன்னால் தரையில் சும்மா இருந்தது. குமிழ் கால்வாசிகூடத் திரும்பியிருக்கவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் இருந்தால் குரல் ஒரு பக்கம் சாய்ந்தது. நடுவே போகப் போக நிமிர்ந்து நின்றது. முருகப்பன் கொஞ்சம் நகர்ந்தார். அந்த முனையிலிருந்து முத்தப்பனும் கொஞ்சம் நகர்ந்தார். சரணம் வருவதற்குள் இரண்டு பேர் தோளும் இடித்துக்கொண்டன. யாரும் விலகவில்லை. முருகப்பன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

வியாபாரி கூடத்துக்குள் வந்து நின்றார். பாட்டு முடிந்ததும் தொண்டையைச் செருமினார். “ஒண்ணுக்குத்தான் பேசுனோம். ரெண்டும்னா வேற வெல போட்டுத் தாரேன் செட்டியாரே.”

“விக்கல” என்றார்கள் இரண்டு பேரும்.

வியாபாரிக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள் விசாலி. சேவுகப்பெருமாளும் கூடவே வாசலுக்குப் போனார். பெஞ்சில் அண்ணனும் தம்பியும் மட்டும் இருந்தார்கள்.

“பெட்டி என்னோடதுதான். அதுல ஒண்ணும் மாத்தமில்ல” என்றார் முத்தப்பன்.

“ஆமாண்ணே.”

“இங்கயே இருக்கட்டும். மாசத்துக்கு ஒருக்கா வாரேன்.”

“வாங்கண்ணே.”

முத்தப்பன் தரையில் இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா, இது ரெண்டையும் பிரிக்க வேணாம்னு.”

“சொல்லத்தாண்ணே நெனச்சேன். யாருகிட்ட இருக்கிறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள உருளிக்குப் போயிட்டாக.”

“நானும் நெனச்சேன்” என்றார் முத்தப்பன். “எதையும் சட்டுன்னு சொல்லிப்புடுற ஆளு நானு. அன்னைக்கு வாய் வரல.”

வாசலில் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. முத்தப்பன் தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரி, இன்னொரு பாட்டுப் போடு.”

முருகப்பன் போனை எடுத்தார். பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள் இருந்தன. சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.